முதலில் மோட்டார்... பிறகு லிப்ட்!
எல்லையோரப் பட்டறைகளுக்கு ஒரு யோசனை

களியக்காவிளை பஸ் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கு நின்று பாருங்கள். கையில் சாக்குப் பை. பைக்குள் உளி, சுத்தியல், மூலைமட்டம், இழைப்புளி. விளவங்கோடு தாலுகா கிராமங்களிலிருந்து வரும் தச்சர்கள் இஞ்சிவிளையைத் தாண்டிப் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று பிரிந்து போவார்கள். ரயிலில் வருவோரும் உண்டு. 1979ல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதை திறந்த பிறகு பாறசாலையும் தனுவச்சபுரமும் இவர்களுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டன.

1956 நவம்பர் 1ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. எல்லைக்கோடு நடுவே விழுந்தது. ஆனால் மரத்துக்கு எல்லை ஏது? அந்தப் பக்கம் அயினி. இந்தப் பக்கம் ஆஞ்ஞிலி. இரண்டும் ஒரே மரம்தான். பலாவும் தேக்கும் அப்படியே.

இந்த வட்டாரத்தின் மரவேலைக்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டியதில்லை. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அது நிற்பது தமிழ்நாட்டு மண்ணில்; பராமரிப்பது கேரள அரசு. அதன் பூமுகத்து மரக்கூரையில் செதுக்கிய பூக்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், கண் வலிக்காது. அத்தனையும் கை உளி செய்த வேலை.

இன்று அதே ஆசாரிமார்களின் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறு. "ரூட்டர் மேசை போடலாம் என்று இருக்கிறேன். எந்த ரூட்டர் வாங்குவது? லிப்ட் வேண்டுமா, வேண்டாமா?" ஆபீஸ் வேலை முடிந்து, வீட்டுத் திண்ணையில் மரவேலை பழகும் குமாஸ்தா நண்பர்களும் இதையே கேட்கிறார்கள். கடன் வாங்கிய பணம் வீணாகக் கூடாது. பத்து விரலும் பத்திரமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரூட்டர் மேசை என்றால் என்ன?

ரூட்டர் என்பது வேகமாகச் சுழலும் ஒரு மோட்டார். அதன் நுனியில் 'பிட்' என்னும் வெட்டும் அலகு. காடி எடுக்க, ஓரம் உருட்ட, அச்சு வேலை செய்ய, கதவுப் பலகையின் விளிம்பைச் சரிக்க, எல்லாவற்றுக்கும் இது உதவும். கையில் பிடித்து ஓட்டினால் கருவி நகரும், மரம் நிற்கும்.

மேசையில் நிலைமை தலைகீழ். ரூட்டரைக் கவிழ்த்து மேசைக்கு அடியில் தொங்கவிடுகிறோம். பிட் மட்டும் பலகையின் துளை வழியே மேலே எட்டிப் பார்க்கும். கருவி நிற்கும், மரம் நகரும். ஒரே அளவில் நாற்பது ஜன்னல் சட்டம் வேண்டுமென்றால் மேசைதான் வசதி. சிறிய துண்டுகளையும் தடுப்புப் பலகையில் அணைத்து ஒழுங்காகத் தள்ளலாம்.

சிக்கல் ஒன்றுண்டு. கவிழ்ந்து தொங்கும் ரூட்டரின் உயரத்தை எப்படி மாற்றுவது? குனிந்து, மேசைக்கு அடியில் கையை விட்டு, ஐந்தாறு கிலோ எடையுள்ள மோட்டாரைத் தாங்கிக்கொண்டு அரை நூல் ஏற்ற வேண்டும். கை கொஞ்சம் நழுவினால் அளவு போச்சு. இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான் லிப்ட். மேலே நின்றபடி ஒரு கைப்பிடியைச் சுற்றினால், மரையாணி சுழன்று மோட்டாரை ஏற்றும், இறக்கும்.

கடை வாசலில் காதில் விழும் பேச்சு

கருவிக் கடை வாசலில் இப்படி ஒரு பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"அண்ணாச்சி, ஒரு நல்ல லிப்ட் பாத்து வச்சிருக்கேன். ரூட்டர் பொறவு வாங்கிக்கிடலாம்லா?"

"மக்கா, காளைய வாங்காம நுகத்தடி வாங்குவியா? முதல்ல மோட்டாரப் பாரு. லிப்ட நாமளே கூட பண்ணிக்கிடலாம்."

அண்ணாச்சி சொல்வது சரி. ஏன் என்று பார்ப்போம்.

வெளிநாட்டில் பேர் பெற்ற லிப்ட்கள் கனடாவின் ஜெசெம், அமெரிக்காவின் இன்க்ரா போன்றவை. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவற்றில் பல, அமெரிக்க மோட்டார்களின் அளவுக்கே செய்யப்பட்டவை. மோட்டாரின் உருளை உடலை ஒரு வளையம் கவ்விப் பிடிக்கும். அந்த வளையம் மூன்றரை அங்குலம் அல்லது 4.2 அங்குல விட்டத்துக்குப் பொருந்தும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரிய ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு கம்பிகளில் மேலும் கீழும் நகரும் 'பிளஞ்ச்' வகை. அவற்றின் உடல் அந்த வளையத்துக்குள் போகாது. சரி, அமெரிக்க மோட்டாரையே தருவிக்கலாம் என்றால், அது 120 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். செருகிய சில நொடிகளில் புகை வரும்!

அதோடு, நல்ல வெளிநாட்டு லிப்டின் விலை பல வேளைகளில் ரூட்டரின் விலையையே எட்டிவிடும், மிஞ்சுவதும் உண்டு. ரூட்டர் இல்லாத லிப்ட் வெறும் இரும்பு. லிப்ட் இல்லாத ரூட்டரோ வேலை செய்யும்.

வளைகுடாவில் மைத்துனனோ மாமாவோ இருந்து, வரும்போது ரூட்டர் கொண்டுவரச் சொன்னால், பெயர்த்தகட்டில் 220-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துபாய், மஸ்கட் போன்ற இடங்களில் கவலை இல்லை. சவுதியில் நீண்ட காலம் 127 வோல்ட் இணைப்பும் வழக்கில் இருந்ததால், அங்கிருந்து வரும் பழைய கருவிகளில் இரட்டிப்புக் கவனம் தேவை.

ரூட்டரில் பார்க்க வேண்டிய ஐந்து

ஒன்று, சக்தி. மைக்கா ஓரம் சீவும் சிறிய 'டிரிம்மர்' 500 முதல் 700 வாட் வரை இருக்கும். அது மேசைக்கு உதவாது என்றில்லை; சிறிய ஓர வேலைகளுக்குப் போதும். அயினி, தேக்குக் கதவு வேலை செய்பவருக்கு 1600 வாட்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கதவுப் பலகை விளிம்பைச் சரிக்கும் பெரிய பிட் போட 2000 முதல் 2400 வாட் வேண்டும். குதிரை சக்தியில் சொன்னால் 746 வாட் ஒரு குதிரை சக்தி. 2400 வாட் என்பது சுமார் மூன்றேகால்.

இரண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. இதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் பிட் நிமிடத்துக்கு 22,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 80 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால் விளிம்பின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டும்! பெரிய பிட்டுக்கு 10,000 சுற்று அளவில் இறக்கினால் அது 150க்கு வந்துவிடும். ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் ரூட்டர்கள் சந்தையில் உண்டு. விலை குறைவு. அவற்றில் சிறிய பிட் மட்டும் போடுங்கள். பெரிய பிட்டைத் தொடவே வேண்டாம். பிட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தை எப்போதும் மீறக் கூடாது.

மூன்று, மெதுவாகத் தொடங்கும் வசதி. சுவிட்சைப் போட்டதும் குலுங்காமல், படிப்படியாக வேகம் பிடிக்க வேண்டும். மேசையில் தொங்கும் கருவிக்கு இது முக்கியம்.

நான்கு, கோலெட். பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம் இது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நம் சந்தையில் 6, 8, 12 மில்லிமீட்டர் தண்டுகளும் கிடைக்கின்றன; கால் அங்குலம், அரை அங்குலத் தண்டுகளும் கிடைக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், அரை அங்குலம் 12.7. பார்வைக்கு 12ம் 12.7ம் ஒன்றுபோலவே தெரியும். அரை அங்குல கோலெட்டில் 12 மில்லிமீட்டர் தண்டைப் போட்டு இறுக்கினால் இறுகியது போலத் தோன்றும். ஓடும்போது நழுவி மேலேறும். வேலையும் கெடும்; ஆளுக்கும் ஆபத்து. ஆகவே உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தண்டுப் பிட் எளிதாகக் கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதற்கேற்ற கோலெட் உள்ள ரூட்டரை வாங்குங்கள்.

ஐந்து, உதிரி பாகமும் பழுது பார்ப்பும். கார்பன் பிரஷ் தேயும். பேரிங் சத்தம் போடும். சுவிட்சில் தூசி அடையும். நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள். பட்டறை நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி நஷ்டம்.

லிப்டுக்கு மூன்று வழி

முதல் வழி, ரூட்டரிலேயே லிப்ட் அமைந்த வகை. ஆஸ்திரேலியாவில் தோன்றிய ட்ரைட்டன் கம்பெனியின் 2400 வாட் ரூட்டர் இதற்குப் பேர் பெற்றது. மேசையின் மேலே இருந்தே கைப்பிடி போட்டுச் சுற்றலாம். முழுவதும் ஏற்றினால் சுழல்தண்டு தானே பூட்டிக்கொள்ளும்; பிட் மாற்ற ஒரே ஸ்பானர் போதும். இத்தகைய ரூட்டர் கிடைத்தால் தனியாக லிப்ட் வாங்கும் செலவு மிச்சம்.

இரண்டாவது வழி, கடையில் விற்கும் லிப்ட். வாங்குவதற்கு முன் உங்கள் மோட்டாரின் விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரிம்மர்களுக்கென்று விலை குறைந்த லிப்ட்கள் வருகின்றன. அவை சிறிய வேலைக்குச் சரி. எதை வாங்கினாலும் மூன்று சோதனை செய்யுங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது ஆட்டம் இருக்கிறதா? பூட்டை இறுக்கும்போது பிட்டின் உயரம் மாறுகிறதா? மேல் தகடு மட்டமாக இருக்கிறதா? பூட்டும்போது உயரம் மாறும் லிப்ட் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை.

மூன்றாவது வழி, சொந்தத் தயாரிப்பு. பிளஞ்ச் ரூட்டர் வைத்திருப்போருக்கு இது கைகண்ட வழி. பல நாட்டுத் தச்சர்கள் பழைய காரின் கத்தரி ஜாக்கியை மேசைக்கு அடியில் வைத்து ரூட்டரை ஏற்றி இறக்குகிறார்கள். ஜாக்கியில் ஒரு குறை. அதன் உயரத்தைப் பொறுத்து ஒரு சுற்றுக்கு ஏறும் அளவு மாறிக்கொண்டே இருக்கும். சுற்றை எண்ணி அளக்க முடியாது. ஒவ்வொரு முறையும் பிட்டை அளந்தே வைக்க வேண்டும்.

எண்ணி அளக்க வேண்டுமா? ஹார்டுவேர் கடையில் முழு நீளமும் மரை வெட்டிய 10 மில்லிமீட்டர் கம்பி வாங்குங்கள். அதன் சாதாரண மரை ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும். இரண்டு சுற்று சுற்றினால் 3 மில்லிமீட்டர்; ஏறக்குறைய ஒரு நூல். கால் சுற்றுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர். நுணுக்க வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? பட்டறையில் ஒரு நட்டை இரும்புத் தகட்டில் வெல்டிங் வைத்து, அதைக் கம்பி தள்ளும்படி அமைத்தால் வேலை முடிந்தது.

பிளஞ்ச் ரூட்டரைக் கவிழ்த்ததும் அதன் ஸ்பிரிங் மோட்டாரைக் கீழ்நோக்கித் தள்ளும். எடையும் கூடச் சேரும். அதனால் மேசைக்கென்று ஒதுக்கிய ரூட்டரில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவோர் உண்டு. கருவியோடு வரும் புத்தகம் அனுமதித்தால் மட்டும், அது சொல்லும் முறைப்படி கழற்றுங்கள். அழுத்திய ஸ்பிரிங் கண்ணை நோக்கிப் பாயக்கூடியது. உயரம் வைக்கும்போது கீழிருந்து மேலாகவே கொண்டுவந்து நிறுத்துங்கள். மரை இடைவெளியால் வரும் பிழை இராது. பிறகு ரூட்டரின் சொந்தப் பூட்டையும் இறுக்க மறக்காதீர்கள்.

மேசை நன்றாக இல்லாவிட்டால்...

எத்தனை விலை உயர்ந்த லிப்ட் போட்டாலும் மேசை தொய்ந்திருந்தால் காடியின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். இங்கே ஜூனில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் இன்னொன்று. சாதாரண எம்.டி.எப். பலகை ஈரத்தில் ஊதிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒட்டி, மேலும் கீழும் மைக்கா போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் வளையும். அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுத்து, நேர்க்கோலை வைத்து மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள்.

விரல் போனால் வராது

மேசையில் பிட் மேல்நோக்கி நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கி எறியும். கை பின்னாலேயே போகும். பிட்டுக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவில் மரத்தை நுழைப்பது அதைவிட ஆபத்து.

கடினமான மரத்தில் ஒரே தடவையில் ஆழம் எடுக்காதீர்கள். ஒரு நூல், ஒரு நூலாக இறங்குங்கள். இதற்குத்தான் லிப்ட் உண்மையில் பயன்படுகிறது. உயரம் மாற்றுவது சுலபமாக இருந்தால் பொறுமையாகப் பல தடவை வெட்டுவோம். கஷ்டமாக இருந்தால் ஒரே தடவையில் முடிக்கத் தோன்றும். அந்த அவசரத்தில்தான் விபத்து. லிப்டுக்குச் செலவிடுவது சொகுசுக்கு அல்ல, விரலுக்கு என்று எண்ணினால் கணக்குச் சரியாகிவிடும்.

பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். தண்டைக் கோலெட்டின் அடிவரை இறக்காமல் 3 மில்லிமீட்டர் மேலே தூக்கி இறுக்குங்கள். சிறிய துண்டுக்குத் தள்ளுகட்டை வேண்டும். கையுறை கூடாது. தோளில் கிடக்கும் துவர்த்தை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு வேலை தொடங்குங்கள்.

மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் ரூட்டர் தானாக ஓடத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். மின்சாரம் வந்தாலும் பொத்தானை அமுக்காமல் ஓடாத பாதுகாப்பு சுவிட்ச் கிடைக்கிறது. மேசையின் முன்புறம் முழங்கால் உயரத்தில் அதைப் பொருத்துங்கள். 2000 வாட் ரூட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் வீட்டுப் பிளக்கில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பாயிண்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கரும் அவசியம்.

தூசியையும் லேசாக எடுக்காதீர்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995ல் வகைப்படுத்தியது. முகமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பெரிய பிட்டின் விலை வராது.

பணத்துக்கு வழி

2023 செப்டம்பர் 17ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரையும், ஜாமீன் இல்லாமல் முதல் தவணையாக ஒரு லட்சம் வரை 5 சதவீத வட்டிக் கடனும் அதில் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு அதை ஏற்காமல் 2025ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் என்று அறிவித்தது.

எல்லையோரத்து ஆட்களுக்கு இங்கேதான் குழப்பம். வேலை பாறசாலையில், ரேஷன் கார்டு விளவங்கோட்டில்! உங்கள் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் எந்த முகவரி இருக்கிறதோ அந்தப் பக்கத்து அலுவலகத்தில் கேளுங்கள். கேரள முகவரிக்காரர்கள் பொது சேவை மையத்திலும், தமிழ்நாட்டு முகவரிக்காரர்கள் நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்திலும் இப்போதைய நிலையை விசாரித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. மகன் குமாஸ்தாவாக இருந்தால் விண்ணப்பத்தை அவரே நிரப்பிக் கொடுக்கலாம். தரகருக்குக் காசு வேண்டாம்.

எதை முதலில்?

கையிருப்பு குறைவாக இருப்பவருக்கு வரிசை இதுதான். வேகம் மாற்றக்கூடிய நல்ல ரூட்டர் ஒன்று. அதற்குச் சரியாகப் பொருந்தும் நல்ல பிட் நான்கைந்து. மட்டமான மேசையும் நேரான தடுப்புப் பலகையும். பாதுகாப்பு சுவிட்ச். அதன் பிறகு சொந்தமாகச் செய்த லிப்ட். இரண்டு மூன்று கதவு வேலை முடிந்து கையில் காசு சேர்ந்தால், அளவு பார்த்துக் கடை லிப்ட்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவின் எஞ்சிய பகுதியைக் காத்து வைத்திருக்கிறார்கள். பகைவர் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அந்தப் பலாவின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது இந்த ஊர் வழங்கும் கதை. ஒரு மன்னரைக் காத்த மரம் அது. இன்று அயினியும் பலாவும் தேக்கும் எல்லையின் இரு பக்கமும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அந்த மரத்தில் வேலை செய்யும் கை பத்து விரலோடு மாலையில் வீடு திரும்ப வேண்டும். கடையில் பணத்தை எண்ணும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் தேர்வு தவறாது.